பிரக்கிராசியாரின் கிளாக்கர்

சென்ற மாதம் கொழும்பு நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 'சட்ட உதவியாளர் தேவை' என்ற அறிவித்தல் கண்ணில் பட்டது. சட்டத்தில் பட்டம் பெற்றவராக அல்லது சட்டக் கல்லூரியில் பயில்பவராக இருத்தல் வேண்டும்; ஆங்கிலத்தில் ஆவணங்களை வரையும் ஆற்றல் வேண்டும்; கணினி அறிவு வேண்டும்; இரண்டு வருட அனுபவம் விரும்பத்தக்கது; மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு முன்னுரிமை. கடைசி வரியை வாசித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இதே வேலையைப் பார்த்த மனிதர் ஒருவரை நான் அறிவேன். அவரிடம் பட்டமில்லை, தட்டச்சுப் பொறியும் இல்லை. ஒரு றலி சைக்கிளும், அதன் கைபிடியில் தொங்கும் துணிப்பையும், காதில் செருகிய பென்சிலும்தான் இருந்தன. அவரைச் 'சட்ட உதவியாளர்' என்று அழைத்திருந்தால் திரும்பியே பார்த்திருக்கமாட்டார். அவர் பிரக்கிராசியாரின் கிளாக்கர்.

இன்றைய இளைஞருக்கு இந்தச் சொற்களே புதிராக இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தார் நாவில் அட்வகேற் அப்புக்காத்து ஆனார். புறொக்டர் பிரக்கிராசியார் ஆனார். நொத்தாரிசும் கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள். அப்புக்காத்து மன்றில் எழுந்து வாதாடுபவர். பிரக்கிராசியார் கட்சிக்காரரைச் சந்தித்து, வழக்கைத் தயார் செய்து, பத்திரங்களைத் தாக்கல் செய்பவர். பெரும்பாலும் அவரே நொத்தாரிசாகவும் இருந்து காணி உறுதிகளை முடிப்பவர். இந்த இருவருக்கும் கீழே, பெயர்ப்பலகையில் இடமில்லாதவராய், விறாந்தை மேசையில் அமர்ந்திருந்தவரே கிளாக்கர்.

எங்கள் சட்ட வரலாற்றை எழுதுவோர் பொதுவாக ஒல்லாந்தர் காலத்துத் தேசவழமைத் தொகுப்பிலிருந்து ஆரம்பிப்பர். ஆளுநர் சைமன்ஸ் விதித்த கட்டளைப்படி யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களை ஒல்லாந்த மொழியில் தொகுத்து 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். அதனைத் தமிழில் பெயர்த்தவர் ஜான் பைரஸ். அந்த மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்துச் சரியென ஒப்பமிட்டவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஐசாக்ஸைப் பற்றியும் முதலியார்களைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். இடையில் நின்ற பைரஸைப் பற்றிப் பேசுவாரில்லை. ஆட்சியாளன் மொழியிலிருந்த சட்டத்தை ஊரார் மொழிக்குக் கொண்டுவந்த அந்த மனிதரையே நான் பிற்காலத்துக் கிளாக்கர்களின் மூதாதையாகக் கருதுகிறேன். இது எனது சொந்தக் கருத்து. வரலாற்றாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் நீதிமன்றங்களைச் சீரமைத்தது. அப்புக்காத்துகளையும் பிரக்கிராசிகளையும் பரீட்சித்துச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருந்தது. நன்னடத்தையும் போதிய அறிவும் உடையவர்களே அனுமதிக்கப்பட்டனர். 1874இல் சட்டக் கல்லூரி தோன்றியபின் படிப்பும் பரீட்சையும் இன்னும் ஒழுங்காயின. பிரக்கிராசியாருக்கு இவ்வளவு தகைமைகள் விதிக்கப்பட்ட அந்த நூற்றாண்டு முழுவதிலும் அவருடைய கிளாக்கரை யாரும் பரீட்சித்ததில்லை. அழகான கையெழுத்து, கொஞ்சம் ஆங்கிலம், ஊரில் நல்ல பெயர், பிரக்கிராசியார் வீட்டாருக்குத் தெரிந்த குடும்பம் - இவை இருந்தால் போதும். பதினெட்டு வயதில் சேர்ந்தவர், முதல் சில வருடங்கள் பழைய உறுதிகளைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். அதுதான் அவர் படித்த கல்லூரி.

இருந்தும், பரீட்சிக்கப்படாத அந்த மனிதரின் தோளில்தான் சட்டம் பெரும் பாரமொன்றை ஏற்றி வைத்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் உறுதி எதுவும் நொத்தாரிசு முன்னிலையிலும், அதே வேளையில் கூடவிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படல் வேண்டும். இல்லாவிடில் அது செல்லாது. நொத்தாரிசு கந்தோரில் எந்நேரமும் கைக்கெட்டும் சாட்சி யார்? கிளாக்கர்தான். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் உங்கள் பாட்டன் பாட்டி காலத்து உறுதி எதையாவது எடுத்துப் பாருங்கள். சாட்சிகளில் ஒருவர் பெரும்பாலும் கிளாக்கராகவே இருப்பார். பின்னாளில் அந்த உறுதியை யாரேனும் மறுத்தால் சாட்சியத்தால் அதை நிரூபிக்க வேண்டும் என்றும், அதற்குக் கையொப்பமிட்ட சாட்சி உயிரோடிருந்தால் ஒருவரையாவது அழைக்க வேண்டும் என்றும் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. முப்பது வருடம் கடந்த ஆவணத்துக்கே அதன் வயதை வைத்து அனுமானம் செய்யும் சலுகை உண்டு. அதாவது, கையொப்பமிட்ட நாளிலிருந்து முப்பது வருடத்துக்கு, எந்தக் காலையிலும் பிஸ்காலின் ஆள் அழைப்பாணையோடு கிளாக்கர் வீட்டுப் படலையைத் தட்டலாம். வருடத்துக்கு இருநூறு உறுதிகளில் கையொப்பமிடும் ஒருவர், அவை அத்தனையையும் மனதில் வைத்திருக்க வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள்.

அதனாற்றான் நான் சொல்லும் கிளாக்கர் கொப்பி வைத்திருந்தார். கோடிட்ட சாதாரணக் கணக்குக் கொப்பி. தான் சாட்சி வைத்த ஒவ்வோர் உறுதிக்கும் ஒரு வரி: உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், கொடுத்தவர், வாங்கியவர், காணியின் பெயர், பரப்பு, கிணற்றுப் பங்கு. யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை. சட்டமும் கேட்கவில்லை.

அவருடைய வேலை நாளை எனக்கு நன்றாகத் தெரியும். சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பத்துப் பிரிவினை வழக்கொன்றுக்காகத் தந்தையாரோடு அந்தக் கந்தோருக்குப் பலமுறை போயிருக்கிறேன். காலை ஏழரைக்கு விறாந்தையில் கட்சிக்காரர் கூடிவிடுவர். அவர்கள் முதலில் பேசுவது கிளாக்கரோடுதான். பிரக்கிராசியாரிடம் சொல்லக் கூசுவதையும் - எந்தப் பிள்ளை முதல் தாரத்துப் பிள்ளை, எந்தத் தம்பி கையொப்பமிடாமல் அடம்பிடிக்கிறான், யாருக்கு ஏற்கெனவே ஒற்றி வைத்தாயிற்று - அவரிடம் சொல்லிவிடுவர். அவர் அதைக் கேட்டு, தேவையானதை மட்டும் ஒரு தாளில் எழுதி உள்ளே கொண்டுபோவார். பிறகு நியமனப் பத்திரத்தில் கட்சிக்காரரின் கையொப்பம் வாங்குவார். நீதிமன்றம் கூடுமுன் பதிவாளரின் கந்தோருக்குப் போய் வழக்கேட்டைப் பார்த்துத் தவணையைக் குறிப்பார். முத்திரை வாங்குவார். சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோவார். மாலையில் உறுதி வேலை.

உறுதி வேலையின் கண்டிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நொத்தாரிசு முடிக்கும் உறுதி மூன்று உருவில் இருக்கும். மூலத்தை உரிமைக்காரர் கொண்டுபோவார். ஒரு பிரதி நொத்தாரிசின் ஏட்டில் தங்கும். முத்திரையிட்ட மற்றொரு பிரதி, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும். இது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதித்த கடமை. அதை எண்ணிக் கட்டி அனுப்புபவர் கிளாக்கர். இதைவிட அவசரமான வேலை ஒன்றுண்டு. உறுதியைப் பதிவு செய்தல். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றுவிட்டால், பணம் கொடுத்து வாங்கிப் பிந்திய உறுதியைச் சூதுவாதின்றி முந்திப் பதிந்தவரே வெல்வார். முந்திய உறுதி பதியப்படாமல் பெட்டிக்குள் கிடந்தால் அதனால் பயனில்லை. ஆகவே கையொப்பத்தின் மை காயுமுன் கிளாக்கரின் சைக்கிள் பதிவகத்தை நோக்கி ஓடியதற்குக் காரணம் உண்டு. விளம்பரத்தில் மோட்டார் சைக்கிள் கேட்டவர்கள் அவ்வளவு தவறாகவும் கேட்கவில்லை.

தேசவழமை இன்னொரு சுமை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை உயிரோடிருக்கும்போது விற்பதானால் கணவனின் சம்மதம் எழுத்தில் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றவில்லை. இது நியாயமா என்பது வேறு விடயம். என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அந்தச் சம்மதம் இல்லாத உறுதியால் அழிந்தவை பெரும்பாலும் வாங்கிய ஏழைகளின் குடும்பங்களே. பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு என்பதால், விற்குமுன் அவர்களுக்கு அறிவித்தல் போக வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்று பிரித்தறிய வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டறிந்து வைத்திருந்தவர் கிளாக்கர். பிரக்கிராசியார் சட்டத்தை அறிந்திருந்தார். கிளாக்கர் சனங்களை அறிந்திருந்தார்.

இது மிகத் துலக்கமாய்த் தெரிந்த இடம் பிரிவினை வழக்கு. பங்காளிகளுக்கிடையே பொதுவிற் கிடக்கும் காணியைப் பிரிக்க 1863இலிருந்தே சட்டம் உண்டு. 1951இலும் 1977இலும் அது புதுப்பிக்கப்பட்டது. வழக்கின் அடித்தளம் வம்சாவளி. ஒரு பரப்புக் காணி. ஆதி உரிமைக்காரருக்கு நான்கு பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்றால், கடைசிப் பேரனின் பங்கு 96இல் ஒன்று. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச்சஸ். அதில் 96இல் ஒன்று ஏறத்தாழ 28 சதுர அடி. ஒரு கட்டில் போடலாம். அந்தக் கட்டிலளவு நிலத்துக்காகக் கொழும்பிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்து வழக்காடியவர்கள் இருந்தனர். யார் பிள்ளையின்றி இறந்தார், எந்த மகள் சீதனம் பெற்று முதுச உரிமையிலிருந்து விலகினாள், யார் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பவில்லை என்பதையெல்லாம் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டுப் பெரிய தாளொன்றில் கிளைகிளையாய் வரைபவர் கிளாக்கர். ஒரு பெயர் தவறினால், விடுபட்டவர் வந்து வழக்கைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடுவார். எங்கள் வழக்கில் அப்படி ஒரு சித்தப்பா விடுபடப் பார்த்தார். 'உங்கடை பேரனாருக்கு மல்லாகத்திலை இன்னொரு மேன் இருந்தவரல்லோ?' என்று கிளாக்கர் கேட்டபோது, என் தந்தையார் தலைகுனிந்ததை நான் கண்டேன். குடும்பம் அவரை மறக்க விரும்பியிருந்தது. கிளாக்கர் பென்சிலால் அவர் பெயரையும் எழுதினார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பின்னரும் நீண்ட காலம் வழக்கேடுகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. கட்சிக்காரர் தன் பெயரில் தாக்கலாகும் முறைப்பாட்டை வாசிக்க முடியாதவர். 'அதிலை என்ன எழுதியிருக்கு?' என்ற கேள்விக்கு விடை சொன்னவர் கிளாக்கர். 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை வைக்க முனைந்தபோது, வடகிழக்கில் எழுந்த அச்சத்தின் நியாயத்தை அந்த விறாந்தைகளில் இருந்தவர்கள் நன்கறிவர். வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் உறுதிசெய்தது 1988இல்தான்.

கிளாக்கர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று எழுதினால் வாசகர்கள் சிரிப்பர். நீதிமன்ற வாசலில் நின்று கட்சிக்காரரை வளைத்துப் பிடித்துத் தரகு வாங்கியவர்கள் இருந்தனர். முத்திரைச் செலவென்று இரட்டிப்பாய்க் கறந்தவர்களும், வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி வைத்தவர்களும், இரு பக்கத்தாருக்கும் செய்தி சொன்னவர்களும் இருந்தனர். பெட்டிசம் எழுதுவதையே பிழைப்பாக்கி ஊரை இரண்டாக்கியவர்களும் உண்டு. தகைமையும் ஒழுக்க விதியும் இல்லாத தொழிலில் நல்லவர் நல்லவராயிருப்பது அவரவர் மனச்சாட்சியால் மட்டுமே. இது ஆபத்தான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

நமக்குச் சட்டமுறையைத் தந்த இங்கிலாந்தில் நிலைமை வேறாயிற்று. அங்கும் ஆரம்பத்தில் கிளாக்கருக்கு மதிப்பிருக்கவில்லை. 1827இல் லண்டன் கிரேஸ் இன் பகுதிச் சட்டத்தரணிகளின் கந்தோரொன்றில் பதினைந்து வயதுப் பையனாகச் சேர்ந்த சார்ள்ஸ் டிக்கன்ஸ், பின்னாளில் தன் நாவல்களில் அந்த உலகத்தை எள்ளி நகையாடியதை யாவரும் அறிவர். ஆனால் 1892இல் அவர்கள் சங்கம் அமைத்தனர். 1963இல் அது பரீட்சைகள் நடத்தும் நிறுவனமாயிற்று. 2012இல் அரச பட்டயமும் கிடைத்தது. கிளாக்கராய்ச் சேர்ந்தவர் படிப்படியாய்ப் பரீட்சையெழுதிச் சட்ட வல்லுநராகும் பாதை அங்கே திறந்தது. நம் நாட்டில், பிரக்கிராசியாகாமலே பயிற்சிபெற்றுப் பரீட்சையெழுதி நொத்தாரிசான ஒரு தலைமுறை இருந்தது. அந்தக் குறுகிய வாசல் வழியே சில கிளாக்கர்களும் நுழைந்தனர். மற்றவர்கள் கிளாக்கராகவே நரைத்தனர்.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் 1974 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பேதம் மறைந்து எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். விறாந்தையில் மாற்றம் எதுவுமில்லை. எங்கள் கிளாக்கரை ஊரார் கடைசிவரை பிரக்கிராசியாரின் கிளாக்கர் என்றே அழைத்தனர். பிரக்கிராசியார் இறந்த பிறகும்.

பிறகு போர் வந்தது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அயலிலிருந்த நீதிமன்றக் கட்டடங்கள் சிதைந்தன. அந்தக் கந்தோரும் ஷெல் விழுந்து கூரையற்றுப் போயிற்று. நொத்தாரிசின் ஏடுகள் மழையில் ஊறின. கிளாக்கர் தன் கொப்பிகளை மட்டும் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, சனங்கள் எதை எடுத்துச் சென்றனர் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். நகை, அடையாள அட்டை, உறுதிப் பை. எங்கள் அம்மாவும் உறுதிப் பையை எடுத்தார். செம்மணி வெளி நெரிசலில், மழையில், அது போன இடம் தெரியவில்லை.

உறுதியில்லாமலும் வீட்டில் இல்லாமலும் போனவர்களின் நிலத்தில் வேறொருவர் பத்து வருடம் தடையின்றி இருந்தால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அவருக்கே உரிமை சேரக்கூடும். இடம்பெயர்ந்தோருக்கு இது எத்தகைய இடி என்பதைப் பாராளுமன்றம் உணர 2016வரை காலம் எடுத்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விட்டது. ஆனால் வழக்காடுவதற்கும் முதலில் காணி தன்னுடையது என்று காட்ட வேண்டுமே.

2003இல், போர் நிறுத்த காலத்தில், அம்மாவின் 1965ஆம் ஆண்டுச் சீதன உறுதியைத் தேடி நான் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு உறுதியின் இலக்கம் நினைவில்லை. வருடமும் மங்கலாகத்தான் தெரிந்தது. கிளாக்கருக்கு அப்போது எண்பது வயது இருக்கும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார். நான் யாருடைய மகன் என்று சொன்னதும் எங்கள் வம்சாவளியை மூன்று தலைமுறைக்கு ஒப்புவித்தார், மல்லாகத்துச் சித்தப்பாவையும் விடாமல்.

'ஐயா, உறுதி துலைஞ்சு போச்சு' என்றேன்.

'உறுதி துலைஞ்சால் காணி துலைஞ்சதெண்டு அர்த்தமில்லைத் தம்பி. பதிவுக் கந்தோரிலை பிரதி இருக்கும். இலக்கம் வேணும், அவ்வளவுதான்.'

பேத்தியைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து கொப்பிகளை இறக்கச் சொன்னார். கறையான் அரித்த ஓரங்கள். உள்ளே மை மங்கவில்லை. 1965ஆம் ஆண்டுக் கொப்பியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். இலக்கம், திகதி, நொத்தாரிசு மூன்றையும் நான் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பதிவகத்தில் தேடியபோது பிரதி அகப்பட்டது. சாட்சிகளில் இரண்டாவது கையொப்பம் அவருடையது. ஆளில்லாத ஓரிடத்தில் அமர்ந்து அதன் விபரங்களை அவசரமாய்க் குறித்துக்கொண்டு, அவருக்குக் காட்டலாமென்று நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடியை அணிந்துகொண்டு நான் எழுதியதை மெல்ல வாசித்தார். நான்கெல்லைகளைக் கடந்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

'கிணத்திலை அரைவாசிப் பங்கெண்டு எழுதியிருக்கிறீர்.'

'அப்படித்தான் ஐயா இருந்தது.'

'இராது. அந்தக் கிணறு மூண்டு வளவுக்குப் பொது. மூண்டிலை ஒண்டெண்டுதான் எழுதினது.' கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'அடுத்த வளவுக்காரரும் ஒரு நாளைக்குத் திரும்பி வருவினம் தம்பி. போய்த் திரும்பப் பாரும்.'

மறுநாட் காலை முதல் பஸ்ஸில் மீண்டும் போனேன். மூன்றில் ஒன்றுதான்.